எல்லோரும் சிரித்தோம்... அத்தை தட்டை எண்ணினார்!



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து என் அக்காவும் அவள் மகளும் வந்திருந்தார்கள். 'மோட்டார் சுந்தரம் பிள்ளை' ஓடிக்கொண்டிருந்தது. 1966-ல் ஜெமினி நிறுவனம் எடுத்த படம். சிவாஜிக்கு இரண்டு குடும்பம். ஒரு பக்கம் சௌகார் ஜானகி, இன்னொரு பக்கம் மணிமாலா. இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் கூட்டம். ஒரு குடும்பத்துக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெரியாது. குட்டு எப்போது உடையும் என்பதுதான் கதை. மகள்களில் ஒருத்தியாக ஜெயலலிதா, கூடவே ரவிச்சந்திரன், நாகேஷ் என்று ஒரு பட்டாளம். எங்கள் வீட்டில் ஒரே சிரிப்பு.

படம் முடிந்ததும் என் மாமியார் பெருமூச்சு விட்டார். "அப்பாடா! இன்னைக்குத்தாம்மா இந்தப் படத்தை முழுசாப் பார்த்தேன்" என்றார்.

"ஏன் அத்தை, இவ்வளவு பழைய படத்தை நீங்க பார்த்ததே இல்லையா?" என்று கேட்டேன்.

"பார்த்தேனே! பண்ருட்டிக்குப் பக்கத்துல எங்க ஊர்ல டூரிங் கொட்டகை இருந்துச்சு. அப்ப எனக்கு ஒன்பது, பத்து வயசு இருக்கும். அம்மா மடியில கைக்குழந்தை. என் இடுப்புல ஒரு தம்பி, கையில ஒரு தங்கச்சி. தம்பி அழுதா உடனே வெளியில தூக்கிட்டுப் போயிடணும், இல்லாட்டி பக்கத்துல இருக்கறவங்க திட்டுவாங்க. அவன் பாதிப் படம் அழுதான். நான் கொட்டகைக்கு வெளியில நின்னு சத்தத்தை மட்டும் கேட்டேன். உள்ளே எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

எட்டுப் பேருக்கு மூத்தவர்

என் மாமியார் கூடப் பிறந்தவர்களோடு சேர்த்து எட்டுப் பேர். அவர்தான் மூத்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வீட்டில் பணக்கஷ்டம் என்று சொல்ல முடியாது. பலாவும் முந்திரியும் விளைகிற மண், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பிறகு ஏன் நிறுத்தினார்கள்? "அம்மாவுக்கு நாலாவது பிரசவம். சின்னதுங்களைப் பார்த்துக்க ஆள் வேணும்" என்றார். டீச்சர் வீட்டுக்கே வந்து, "நல்லாப் படிக்கிற பொண்ணு, அனுப்புங்க" என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். "இந்தக் குழந்தை நடக்க ஆரம்பிக்கட்டும், அனுப்பறேன்" என்றாராம் பாட்டி. அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்தபோது அடுத்தது வயிற்றில்!

அவருக்குக் கல்யாணம் ஆகும்போது கடைசித் தங்கைக்கு ஆறு வயது. மறுவீடு முடிந்து நெல்லிக்குப்பத்துக்குக் கிளம்பும்போது, அந்தப் பிள்ளை பெற்ற அம்மாவை விட்டுவிட்டு, அக்கா புடவையைப் பிடித்துக்கொண்டு அழுததாம்.

இதெல்லாம் எனக்குப் பதின்மூன்று வருடமாகத் தெரியாது. அதே வீட்டில்தான் இருக்கிறேன், ஒரே அடுப்பில்தான் சமைக்கிறோம். ஒரு சினிமா வந்துதான் அவர் வாயைத் திறக்க வைத்தது.

மழலைப் பட்டாளத்துக்குச் சோறு வடித்தது யார்?

பேச்சு அப்படியே நிறைய பிள்ளைகள் வரும் படங்களைப் பற்றித் திரும்பியது. அக்காதான், "மழலைப் பட்டாளம் பார்த்திருக்கீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

அந்தப் படம் 1980-ல் வந்தது. நடிகை லட்சுமி முதல் முதலாக டைரக்ட் செய்த படம். கே.பாலசந்தர் மேற்பார்வை செய்தார். மனைவியை இழந்தவர் விஷ்ணுவர்தன், கணவனை இழந்தவர் சுமித்ரா. இரண்டு பேருக்கும் நிறைய பிள்ளைகள். இவர்கள் கல்யாணம் செய்துகொண்டால் அந்தப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒரே ரகளை! கன்னடத்திலும் 'மக்கள சைன்ய' என்று எடுத்தார்கள். அதில் லட்சுமியே கதாநாயகியாகவும் நடித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் டைரக்டர் ஆவதே அபூர்வம். அதிலும் அத்தனை குழந்தைகளை வைத்துப் படம் எடுப்பது என்றால் சும்மாவா?

"கல்யாணமான புதுசுல உங்க மாமா கடலூருக்குக் கூட்டிட்டுப் போய் காட்டினார்" என்றார் அத்தை. "அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். நான் எத்தனை தட்டுன்னு எண்ணிக்கிட்டிருந்தேன்."

"என்ன தட்டு அத்தை?"

"சாப்பாட்டுத் தட்டும்மா. இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க, அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க, பெரியவங்க எல்லாரும் ஒரு வேளைக்கு உட்கார்ந்தா எத்தனை தட்டு, எத்தனை டம்ளர், எவ்வளவு அரிசி, துவைக்க எத்தனை துணி... எனக்குக் கணக்கு தன்னால ஓடுது. பழக்கதோஷம்!"

எல்லோரும் மறுபடி சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே! எவ்வளவு சரியான கேள்வி! இந்த மாதிரிப் படங்களில் பிள்ளைகள் தலையணையைக் கிழிப்பார்கள், பஞ்சு பறக்கும், நாம் சிரிப்போம். அடுத்த காட்சியில் வீடு சுத்தமாக இருக்கும். அந்தப் பஞ்சைக் கூட்டியது யார்? அதைப் படத்தில் காட்ட மாட்டார்கள். காட்டினால் சிரிப்பு போய்விடுமே!

1969-ல் வந்த 'சாந்தி நிலையம்' படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெமினி கணேசன் வீட்டுப் பொல்லாத பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவர காஞ்சனா வருவார். பிள்ளைகள் அவரைப் படுத்துகிற பாட்டைப் பார்த்து நாம் ரசிப்போம். பெரிய பங்களா, சம்பளத்துக்கு ஆள், அதனால் அங்கே பரவாயில்லை. நம் போன்ற வீடுகளில் காஞ்சனா யார்? மூத்த பெண்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, டூயட்டும் கிடையாது.

அத்தைக்கு மிகவும் பிடித்த படம் எது தெரியுமா? 'அவள் ஒரு தொடர்கதை'. 1974-ல் பாலசந்தர் எடுத்தது. இது சிரிப்புப் படம் இல்லை. குடிகார அண்ணன், அவன் மனைவி மக்கள், விதவைத் தங்கை, கண் தெரியாத தம்பி என்று ஒரு வீடு நிறைய ஆட்கள். அத்தனை பேரையும் சுமப்பது வேலைக்குப் போகும் கவிதா. சுஜாதா அந்தப் பாத்திரமாகவே வாழ்ந்திருப்பார். நான் அந்தப் படத்தை முன்பு பார்த்துவிட்டு, "ஏன் இந்தப் பொண்ணு எப்பப் பார்த்தாலும் சிடுசிடுன்னு இருக்கா?" என்று கேட்டிருக்கிறேன். இப்போது புரிகிறது. சிரிப்புப் படத்தில் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிற அக்காவை, பாலசந்தர் இந்தப் படத்தில் நடுவில் நிறுத்திக் காட்டிவிட்டார்.

கோழிக்கால் யாருக்கு?

அக்கா மகள் காலேஜில் படிக்கிறாள். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு செல்போனில் தேட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லச் சொல்ல எங்களுக்கு ஆச்சரியம்.

'மழலைப் பட்டாளம்' கதை 1968-ல் வந்த ஒரு அமெரிக்கப் படத்தை ஒட்டியதாம். 'யுவர்ஸ், மைன் அண்ட் அவர்ஸ்' என்று பெயர். உன்னுடையது, என்னுடையது, நம்முடையது என்று அர்த்தம். அதுவும் நிஜமாக நடந்த கதை! ஹெலன் என்ற பெண்மணி, கடற்படை அதிகாரியான கணவரை இழந்தவர், எட்டுக் குழந்தைகள். ஃபிராங்க் பியர்ட்ஸ்லி என்பவரும் கடற்படைக்காரர், மனைவியை இழந்தவர், பத்துக் குழந்தைகள். 1961-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதன் பிறகு இன்னும் இரண்டு பிறந்து மொத்தம் இருபது! அந்த அம்மா தன் கதையை ஒரு புத்தகமாக எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'கோழிக்கால் யாருக்கு?'

தலைப்பைக் கேட்டதும் அத்தை பட்டென்று சொன்னார்: "இதுல என்ன சந்தேகம்? கால் ஆம்பளப் பசங்களுக்கு. அம்மாவுக்குக் குழம்பு. எனக்குக் கழுத்து!"

அடுத்து 'சீப்பர் பை தி டஜன்' என்று ஒரு படம், 1950-ல் வந்தது. ஒரு வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். இதுவும் நிஜக் குடும்பம்தான். அப்பா ஃபிராங்க் கில்பிரத், அம்மா லில்லியன் கில்பிரத். தொழிற்சாலைகளில் ஒரு வேலையை வீண் அசைவு இல்லாமல் எப்படிச் செய்வது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் இருவரும். அந்த முறையையே வீட்டுக்கும் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் குளிக்கும் நேரம் வீணாகக் கூடாது என்று குளியலறையில் கிராமபோன் வைத்து பாஷை கற்றுக்கொடுத்தார்களாம். பிள்ளைகளில் இரண்டு பேர் பின்னால் இதையெல்லாம் வேடிக்கையாக எழுத, அது 1948-ல் புத்தகமாக வந்தது. அப்புறம் படமானது. அந்தப் பெயரிலேயே 2003-ல் ஸ்டீவ் மார்ட்டினை வைத்து வேறு கதையாகவும் எடுத்தார்கள்.

படத்தில் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரும் ஒன்றாக ஒரு நாளும் இருந்ததே இல்லை. ஒரு பெண் குழந்தை 1912-லேயே தொண்டை அடைப்பான் நோயில் போய்விட்டது. மற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். 1924-ல் அப்பாவும் மாரடைப்பில் இறந்துவிட்டார். பதினொரு பிள்ளைகளோடு லில்லியன் தனியாக நின்றார். அவ்வளவு படித்திருந்தும், பெண் என்பதால் பழைய கம்பெனிகள் பல அவரிடம் வேலை கொடுக்கத் தயங்கின. அவர் என்ன செய்தார் தெரியுமா? "பெண்களுக்கு அடுப்படிதான் என்றால், அந்த அடுப்படியையே ஆராய்ச்சி செய்கிறேன்" என்பது போல இறங்கிவிட்டார். அடுப்பு எந்த உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது, பாத்திரம் தேய்க்கும் தொட்டி எவ்வளவு உயரம் வேண்டும் என்று 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டார். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டி, ஃபிரிட்ஜ் கதவின் உள்பக்கத்தில் முட்டை, வெண்ணெய் வைக்கும் தட்டு எல்லாம் அவருடைய யோசனை என்று சொல்கிறார்கள். இனிமேல் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும்போதெல்லாம் பதினொரு பிள்ளைகளை ஆளாக்கிய அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்!

"வேலை எவ்வளவுன்னு தெரிஞ்சவளுக்குத்தான் அதைக் குறைக்கணும்னு தோணும்" என்றார் அத்தை.

என் வீட்டிலேயே ஒரு சின்ன அக்கா

"இப்போதுதான் அந்த மாதிரி வீடுகளே இல்லையே, பழைய கதை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நிஜம்தான். சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற வாசகமும் எழுதாத சுவரே இல்லாத காலம் ஒன்று இருந்தது. அத்தை அந்தக் காலத்துப் பெண். இரண்டு பிள்ளைகளோடு ஆபரேஷன் செய்துகொண்டார். "யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏழு பேரை இடுப்புல சுமந்தவ நான்" என்பார். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1992-93-ல் இரண்டரைக் குழந்தை. 2019-21-ல் அது 1.8 ஆகிவிட்டது. எங்கள் தெருவில் மூன்று பிள்ளை இருக்கிற வீடே ஒன்றுதான்.

எனக்கும் இரண்டுதான். பெண்ணுக்குப் பதினோரு வயது, பையனுக்கு நாலு. ஆனால் அன்று ராத்திரி படுக்கும்போது ஒரு விஷயம் நடந்தது. அதனால்தான் இந்தக் கடிதமே.

என் பெண் பள்ளிக்கூடத்தில் கோ-கோ நன்றாக விளையாடுவாள். நாலைந்து மாதமாக அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு ஏதோ தோன்றி, "ஏம்மா, இந்த வருஷம் கோ-கோ டீம்ல இருக்கியா?" என்றேன்.

"பேர் கொடுக்கலைம்மா. ஸ்கூல் விட்டு ஆறு மணி வரைக்கும் பிராக்டிஸ். தம்பியை யாரு பார்த்துக்கறது?" என்றாள். வருத்தமாகக் கூடச் சொல்லவில்லை. சட்டை பட்டன் அறுந்துபோச்சு என்று சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் இருப்பது மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. கரும்பு சீசன் வந்துவிட்டால் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டரும் லாரியும் வரிசையாக வரும். நாலு வயசுப் பையனை வாசலில் தனியாக விட முடியாது. அத்தைக்கு முட்டி வலி, அவன் பின்னால் ஓட முடியாது. எனக்குச் சாயங்காலம் டிபன் வேலை, ராத்திரி சமையல். அதனால் பெண் புத்தகப் பையைக் கழற்றி வைத்ததும் "தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கோடா கண்ணு" என்பேன். 'கொஞ்சம்' என்றுதான் சொல்வேன். அது தினமும் இரண்டரை மணி நேரம். வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லோரிடமும், "என் பொண்ணு எவ்வளவு பொறுப்பு பாருங்க, தம்பியை இவள்தான் வளர்க்கறா" என்று பெருமை வேறு!

பத்துப் பிள்ளைகள் இருந்தால்தான் ஒரு அக்கா உருவாவாள் என்று இல்லை, சகோதரிகளே. இரண்டே பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் உருவாவாள். நாமே உருவாக்குகிறோம். இடுப்பில் தம்பியோடு கொட்டகைக்கு வெளியே நின்ற ஒரு சிறுமியை நினைத்து மத்தியானம் கண் கலங்கினேன். ராத்திரி பார்த்தால் இன்னொருத்தி என் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள்!

சாயங்காலம் ஐந்து முதல் ஆறரை வரை

மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போதே கணவரிடம் சொன்னேன். அவர் முதலில், "அக்கான்னா அப்படித்தான். எங்க அம்மா பார்க்கலையா?" என்றார். உள்ளே முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அத்தையின் குரல் வந்தது: "பார்த்தேன். அதனாலதான் சொல்றேன், அவ விளையாடட்டும்."

அதற்கு மேல் பேச்சு இல்லை. அவருக்கு வேலை நாலரைக்கு முடிந்துவிடும். நேராக வீட்டுக்கு வராமல் நண்பர்களோடு டீ குடித்துவிட்டு ஏழு மணிக்குத்தான் வருவார். இப்போது ஐந்து மணிக்கு வந்துவிடுகிறார். ஆறரை வரை பையன் அவர் பொறுப்பு. முதல் நாள் முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு வேலையிலேயே ஓவர் டைம் பார்க்கலாம் போல இருக்கே!" என்றார். இரண்டாவது வாரம் அப்பாவும் பிள்ளையும் சைக்கிளில் கரும்பு வண்டிகளை எண்ணப் போனார்கள். இப்போது பையன், "அப்பா எப்ப வருவார்?" என்று வாசலைப் பார்க்கிறான்.

என் பெண் கோ-கோவுக்குப் பேர் கொடுத்துவிட்டாள். லேட்டாகச் சேர்ந்ததால் டீமில் இடம் கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆறு மணிக்கு முழங்கால் எல்லாம் மண்ணோடு வீட்டுக்கு வருகிறாள். போன வாரம் ஒருநாள் தம்பி அழுதான். பழக்கத்தில் எழுந்தவளை, "நீ உட்காரு, அவங்கப்பா இருக்கார்" என்று அத்தை தடுத்துவிட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அத்தை கோபித்துக்கொள்வார். பெரிய குடும்பம் என்றாலே கஷ்டம்தான் என்று அவர் சொல்லவில்லை. பொங்கல் வந்தால் தம்பி தங்கைகள் ஏழு பேரும் இங்கேதான் வருகிறார்கள். அக்கா கையால் சாப்பிட்டால்தான் அவர்களுக்குப் பொங்கல். அன்று கடைசித் தம்பி, அதுதான் கொட்டகையில் அழுதவருக்குப் பிறகு பிறந்தவர், அக்காவைத் தட்டைத் தொட விடமாட்டார். "எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லம்மா. அத்தனை பேரும் என் பிள்ளைங்கதான். ஆனா அஞ்சாங் கிளாசுக்கு மேல என்ன பாடம் இருக்கும்னு இன்னும் ஆசையா இருக்கு" என்றார் ஒருநாள். என் பெண்ணின் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இப்போது மத்தியானங்களில் அத்தை மடியில்தான் இருக்கிறது. எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிக்கிறார். புரியாத இடத்தைப் பேத்தி சொல்லிக்கொடுக்கிறாள்.

சகோதரிகளே, இந்தப் படங்கள் இன்னும் எத்தனையோ தடவை டி.வி.யில் வரும். தாராளமாகப் பாருங்கள், வயிறு வலிக்கச் சிரியுங்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அடுத்த தடவை பார்க்கும்போது, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால், படம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எத்தனை பேரை வளர்த்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியே உங்கள் பெண் பிள்ளையிடமும், "இந்த வருஷம் எதுக்குப் பேர் கொடுக்காம விட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
நெல்லிக்குப்பம்.